நித்தியகல்யாணியும் புற்றுநோய் மருத்துவமும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் வீட்டு முற்றங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணி, மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இது மானாவாரிப் பயிராகவும் விளைகிறது. இதன் இலைகளிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரு புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பெற நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும்.

கண்டுபிடிப்பு

1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் இதன் இலைச்சாறு நீரிழிவைத் தணிக்குமா என ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை, மாறாக, சோதனை விலங்குகளின் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்தன. 1958-இல் வின்பிளாஸ்டின் பற்றிய செய்தி வெளியாயிற்று. வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான கூட்டுச் சிகிச்சையில் அது இன்றும் இன்றியமையாதது.

செயல்படும் முறை

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களைப் பங்கிட நுண்குழல்கள் தோன்றுகின்றன. டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை இக்குழல்கள். மருந்து இப்புரதத்தைப் பற்றிக்கொள்வதால் குழல்கள் உருவாவதில்லை. பிரிவு நடுவில் நின்று உயிரணு மடிகிறது. விரைந்து பெருகும் புற்றணுக்கள் இவ்வாறு அழிகின்றன.

பக்க விளைவுகள்

எலும்பு மஜ்ஜையும் மயிர்க்கால்களும் விரைந்து பெருகுபவையே. எனவே வெள்ளணுக்கள் குறைவதும் முடி உதிர்வதும் நேரிடுகின்றன. மஜ்ஜையை மிகுதியாகத் தாக்குவது வின்பிளாஸ்டின். வின்கிரிஸ்டின் தாக்குவது நரம்புகளை. அவற்றினுள் சத்துகளைக் கடத்தும் பாதையும் நுண்குழல்களே. விரல்கள் மரத்தல், தாடை வலி, நடை தளர்தல், கடும் மலச்சிக்கல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

தீவுகளுக்குரிய எச்சரிக்கை

வின்பிளாஸ்டின் செலுத்தியபின், வெள்ளணுக்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் மிகக் குறைகின்றன. அதற்குள் நோயாளி ஊர் திரும்பியிருக்கலாம். சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. கேம்ப்பெல் விரிகுடாவிலிருந்து, முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரமே தொலைவுதான். ஆகவே காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் கப்பலுக்காகக் காத்திராமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே அணுக வேண்டும். மருந்தின் பெயர், அளவு, செலுத்திய நாள் ஆகியவற்றைக் குறித்த சிகிச்சைச் சீட்டு கையில் இருப்பின், அங்குள்ள மருத்துவர் தாமதமின்றிச் செயலாற்ற இயலும்.

முற்றத்துச் செடியின் இலையைக் கஷாயமாக்கி அருந்துவது மருத்துவமாகாது. அதில் நச்சுப் பொருள்கள் பல உள, அளவும் தெரியாது. பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி, உடல் அளவுக்கேற்பக் கணக்கிட்டு, நரம்பு மண்டலத்தில் அல்லாது இரத்தக்குழாய் வழியே மட்டும் செலுத்தும்போதே இது மருந்தாகிறது. முதுகுத்தண்டு நீரில் வின்கிரிஸ்டினைத் தவறிச் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து.