மலிவுக் கம்பியூட்டரும் கம்பனிப் பங்கும்

சிலாவத்துறையில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “நானா, கடைக்கு எடுத்த ரைசன் கம்பியூட்டர் மலிவு, வேலையும் நல்லாச் செய்யுது. அந்தக் கம்பனியின் பங்கை வாங்கினால் இலாபம்தானே?” கட்டாரில் இருக்கும் அவருடைய மச்சான் கைபேசியிலேயே அமெரிக்கப் பங்கு வாங்கி விற்கிறாராம். பங்கு வாங்குவது கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்கை மாத்திரம் சொல்கிறேன். தம்பியின் கேள்வியில் இரண்டு கணக்குகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

முதலில் சாமானைப் பார்ப்போம். கம்பியூட்டரின் மூளை புரொசெசர். அதற்குள் இருக்கும் ‘கோர்’ என்பவற்றைக் கடையில் நிற்கும் கையாட்களாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் கம்பனி பல வருடங்களாகக் குறைந்த விலை டெஸ்க்டொப்புக்கு இரண்டு கோர்தான் கொடுத்து வந்தது. எதிர்க்கடை படுத்துவிட்டால் நாமும் அப்படித்தானே செய்வோம். 2017 ஜனவரியில் 64 டொலருக்கு பென்டியம் ஜி4560 என்ற ஒன்றை இறக்கியது. 117 டொலர் ஐ3-7100 செய்யும் வேலையில் பெரும்பகுதியை இதுவும் செய்தது. வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம். விற்கிறவருக்கோ, தன் மலிவுச் சாமானே தன் விலை கூடிய சாமானின் வியாபாரத்தைத் தின்கிறது. ஒரே தட்டில் இரண்டு அரிசி மூட்டையைத் திறந்து வைத்தவருக்கு இது விளங்கும்.

அதே வருடம் மார்ச் 2ஆம் திகதி ஏஎம்டி கம்பனியின் ரைசன் வந்தது. இன்டெல் 1,000 டொலருக்கு மேல் விற்ற எட்டுக் கோர் புரொசெசருக்குப் போட்டியாக, எட்டுக் கோர் ரைசன் 499 டொலர். ஒக்டோபரில் இன்டெல்லும் இறங்கி வந்து, 117 டொலர் ஐ3-8100இல் நான்கு கோர் கொடுத்தது. 2018 பெப்ரவரியில் ஏஎம்டி 99 டொலருக்கு நான்கு கோருடன், திரைக்குப் படம் காட்டும் பகுதியையும் உள்ளேயே வைத்துக் கொடுத்தது. தனிக் கார்ட் வாங்கும் செலவும் மிச்சம். சின்னக் கடைக்காரருக்கு நல்ல காலம் அதுதான்.

இனிப் பங்கு. 2015இல் ஏஎம்டி பங்கு 2 டொலருக்கும் கீழே கிடந்தது. ரைசன் வருகிறது என்ற பேச்சிலேயே ஏறத் தொடங்கி, சாமான் கடைக்கு வருமுன்பே 2017 பெப்ரவரியில் 15 டொலர் அளவைத் தொட்டுவிட்டது. மே 1ஆம் திகதி காலாண்டுக் கணக்கு வெளிவந்தது. விற்பனை 984 மில்லியன் டொலர், முந்திய வருடத்தைவிட 18 வீதம் அதிகம். மறுநாள் பங்கு என்ன ஆனது தெரியுமா? ஒரே நாளில் ஏறத்தாழ 24 வீதம் விழுந்தது!

சாமான் பழுதில்லை. 100 டொலருக்கு விற்றால் உற்பத்திச் செலவு போக 34 டொலர்தான் கையில் நின்றது. அடுத்த காலாண்டில் 33 ஆகும் என்று கம்பனியே சொன்னது. இன்டெல்லுக்கு அப்போது 60க்கு மேல் நின்றது. நல்ல சாமான் விற்கிறது என்பது பங்கின் விலைக்குள் முன்னமே ஏறிவிட்டது. அதற்கு மேலும் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து விற்றார்கள். பொறுத்திருந்தவர்கள் 2021இல் அதே பங்கை 100 டொலருக்கு மேல் கண்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தில் பெரிய கம்பனிகளின் சேர்வர்களுக்குப் போன சிப்புகளுக்கும் பெரிய பங்குண்டு. கடை மேசையில் இருக்கும் கம்பியூட்டரைப் பார்த்து அதைக் கணித்திருக்க முடியாது.

எங்கள் முசலிக்கு இது புதிய பாடமில்லை. 1905இல் மன்னார்க் கடலில் நடந்த முத்துக்குளிப்பு அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் கொடுத்தது. அந்த விளைச்சலைப் பார்த்த பிரித்தானியக் கம்பனியொன்று, 1906இல் வருடத்துக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா என்று 20 வருடக் குத்தகைக்கு முத்துப்பாரை எடுத்தது. மறிச்சுக்கட்டியில்தான் முகாம். 1907க்குப் பிறகு சிப்பி இல்லை, சில வருடங்களில் கம்பனியே கலைந்துபோனது. முத்தின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. போன வருட விளைச்சலுக்கு வரும் வருடங்களின் விலையைக் கொடுத்ததுதான் காரியம்.

மலிவுக் கம்பியூட்டரில் இன்னொரு சங்கதியும் உண்டு. சாமான் மிக நன்றாக இருந்தால் வாங்கியவர் திரும்பி வரமாட்டார். பில் அடிக்கவும் கணக்கு எழுதவும் எட்டு வருடப் பழைய டெஸ்க்டொப்புக்கு எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் போதும். கொரோனாக் காலத்தில் எல்லோரும் வாங்கி முடித்தார்கள். 2022 ஒக்டோபரில் ஏஎம்டி, 6.7 பில்லியன் டொலர் எதிர்பார்த்த இடத்தில் 5.6 பில்லியன்தான் வரும் என்று அறிவித்தது. மறுநாள் பங்கு 14 வீதமளவில் இறங்கியது.

இன்டெல்லின் கதை வேறு. 2024 ஓகஸ்டில் 15,000 பேர் வரை வேலை நீக்கம் என்றும் பங்கு இலாபம் நிறுத்தம் என்றும் சொன்னதும் ஒரே நாளில் 26 வீதம் விழுந்தது. புதிய உற்பத்தி முறைகளில் வருடக்கணக்கில் பிந்தியதும், தொழிற்சாலைப் பிரிவு 2023இல் மாத்திரம் 7 பில்லியன் டொலர் நட்டம் கண்டதும் பின்னால் இருந்தன. அப்போதும் அதன் மலிவுப் புரொசெசர்கள் கடைகளில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: பங்கைப் பற்றி மச்சான் பேசினால் மூன்றைக் கேளுங்கள். 100க்கு எவ்வளவு நிற்கிறது, அது ஏறுகிறதா இறங்குகிறதா, இந்த நல்ல செய்தி விலையில் ஏறி எத்தனை மாதமாகிறது. மச்சானுக்கு மூன்றாவதற்குப் பதில் தெரியவில்லையாம்.

கடைக்குக் கம்பியூட்டர் எடுப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஓடியபோது, அமெரிக்காவில் விலை குறைந்த சாமானும் இங்கே கூடித்தான் விற்றது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14உடன் பொதுவாக முடிந்துவிட்டது. யுனிட்டி பிளாசாவில் பழைய டெஸ்க்டொப் பேரம் பேசும்போது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையா அதற்குப் பிந்தியதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அதற்கு முந்தியதென்றால் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்காது, விலையையும் அதற்கேற்றபடி குறைத்துக் கேளுங்கள்.