குன்றிலிருந்து இறங்கிய இரண்டு ஊர்வலங்கள்

கேள்வி: கல்வியியல் முதுகலை படிக்கிறேன். புதிதாக விடுதலை பெற்ற நாடு, தன் வளர்ச்சித் திட்டத்துக்கு ஏற்றபடி பல்கலைக்கழகத்தை வளைப்பது சரியா? அப்படிச் செய்தால் பல்கலைக்கழகமும் இன்னொரு அரசு அலுவலகமாகிவிடாதா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தான்சானியாவில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது.

இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான டாங்கனிகா 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்றது. அதற்கு ஆறு வாரம் முன்பே தார் எஸ் சலாமில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிவிட்டது. சொந்தக் கட்டடம் கிடையாது. விடுதலைக்குப் போராடிய தானு கட்சியின் கட்டடத்தில் 14 மாணவர்களுக்குச் சட்ட வகுப்பு நடந்தது. மருத்துவம் படிக்க உகாண்டாவின் மக்கரேரேவுக்கும், பொறியியல் படிக்க நைரோபிக்கும் போக வேண்டியிருந்தது. விடுதலையின்போது நாட்டில் 2 பொறியாளர்களும் 12 மருத்துவர்களும்தான் இருந்தார்கள் என்று நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்த நிலையில் அரசு தலைக்கணக்குப் பார்க்காமல் என்ன செய்யும்? 1980க்குள் தேவையான படித்த ஆட்களை நாடே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று 1964-69 ஐந்தாண்டுத் திட்டம் இலக்கு வைத்தது. எந்தத் துறைக்கு ஆள் வேண்டுமோ அதற்கு உதவித்தொகை. படித்து முடித்தவர் சில ஆண்டுகள் அரசு சொன்ன இடத்தில் வேலை பார்க்க வேண்டும். இதில் எனக்குத் தவறு தெரியவில்லை. உழவர்கள் கட்டிய வரியில்தான் அவர்கள் படித்தார்கள்.

உரசல் 1966 அக்டோபரில் வந்தது. பட்டதாரிகள் ஈராண்டு தேசிய சேவை செய்ய வேண்டும், அதில் 18 மாதங்களுக்குச் சம்பளத்தில் 40 சதவீதம்தான் கைக்கு வரும் என்றது அரசு. மாணவர்கள் கல்லூரி அங்கியை மாட்டிக்கொண்டு, கல்லூரி இடம் மாறியிருந்த குன்றிலிருந்து இறங்கி அதிபர் மாளிகைக்கு ஊர்வலம் போனார்கள். காலனி ஆட்சியே இதற்குத் தேவலை என்றுகூட ஒரு பலகையில் எழுதியிருந்தார்கள். நைரேரே கொதித்துப்போனார். தம் சம்பளத்தில் 20 சதவீதத்தை அன்றே குறைத்துக்கொண்டார். ஏறக்குறைய 400 மாணவர்களை ஊருக்கு அனுப்பினார். பலரை அடுத்த ஆண்டு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

1967 பிப்ரவரியில் சோசலிசத்தையும் தற்சார்பையும் முன்வைத்த அரூஷா பிரகடனம் வந்தது. மார்ச்சில் 'தற்சார்புக்கான கல்வி' என்ற கொள்கை அறிக்கை. குன்றின் மேல் இருந்த வளாகம் மாறத் தொடங்கியது. 1970இல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது. எந்தத் துறை மாணவரும் வளர்ச்சியியல் படித்தாக வேண்டும் என்றானது. கயானாவிலிருந்து வந்த வால்டர் ராட்னி அங்கே வரலாறு கற்பித்தார். ஆப்பிரிக்காவின் பின்தங்கலுக்கு ஐரோப்பாவே காரணம் என்று வாதிடும் அவரது புகழ்பெற்ற நூல் 1972இல் லண்டனிலும் தார் எஸ் சலாமிலும் வெளிவந்தது. திட்டத்துக்காக வளைத்த பல்கலைக்கழகம் சிந்தனைக் களமாகவும் ஆனது.

கோளாறும் வந்தது. பள்ளி முடித்தவர்கள் சில ஆண்டுகள் வேலை பார்த்து, ஆளுங்கட்சியின் பரிந்துரையும் பெற்ற பிறகே பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்றது 1974ஆம் ஆண்டின் மூசோமா தீர்மானம். பெண்களின் சேர்க்கை சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் அவர்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

1978 மார்ச்சில் மாணவர்கள் மறுபடி குன்றிலிருந்து இறங்கினார்கள். இம்முறை தங்களுக்காக அல்ல. அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தங்கள் சம்பளத்தையும் சலுகைகளையும் உயர்த்திக்கொண்டதை எதிர்த்துத்தான் கிளம்பினார்கள். சமத்துவம் என்று வகுப்பில் படித்ததை அரசிடமே கேட்டார்கள். போலீஸ் மறித்தது. நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள்; அவர்களில் நைரேரேயின் மகனும் ஒருவர்.

1966இல் நியாயம் நைரேரே பக்கம் இருந்தது. 1978இல் மாணவர்கள் பக்கம். என்ன படிக்க வேண்டும் என்று அரசு சொல்லலாம். படித்தவர் அதே பாடத்தை வைத்து அரசை அளக்கும்போது வாயை மூடச் சொல்லக் கூடாது. நீங்கள் எந்த நாட்டை ஆய்வுக்கு எடுத்தாலும் திட்ட அறிக்கைகளோடு நின்றுவிடாதீர்கள். அங்கே மாணவர்கள் எதற்காக வெளியேற்றப்பட்டார்கள் என்பதையும் தேடிப் படியுங்கள்.