பரணில் இருந்து இறங்கிய டிவி எங்கே போகிறது?



நோன்பு நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒட்டடை அடித்து, பரணைக் காலி செய்து, வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். பரணிலிருந்து முதலில் இறங்குவது பெரும்பாலும் ஒரு 14 அங்குலக் கலர் டிவி. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு இலவசமாகக் கொடுத்தது. மாநிலம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. அதன் பின்னாலேயே 2011-க்குப் பிறகு வந்த இலவச மிக்ஸி, ஃபேன், பிள்ளைகளின் லேப்டாப், வேலை செய்யாத செட்டாப் பாக்ஸ், பேட்டரி உப்பிப்போன செல்போன்கள் எல்லாம் வரிசையாக இறங்கும். "எதற்காவது ஆகும்" என்று பத்து வருடம் வைத்திருந்ததை ஒரே நாளில் வெளியே தள்ளிவிட்டு, அப்பாடா என்று உட்காருகிறோம்.

அப்படித் தள்ளியவற்றில் ஒரு பங்கு எங்கள் அறக்கட்டளை வாசலுக்கும் வருகிறது. "ஏழைகள் யாருக்காவது கொடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போகிறார்கள். எண்ணம் நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் மோட்டார் கருகிய மிக்ஸியையும் படம் வராத டிவியையும் ஏழை என்ன செய்வார்? அவர் வீட்டுப் பரணுக்கு ஏறும், அவ்வளவுதான். நாம் கண்ணை மூடிக்கொண்டால் ஒழிய வாங்கிக்கொள்ள மாட்டோம் என்ற பொருளைத் தர்மமாகக் கொடுக்கக் கூடாது என்பது மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்த பாடம். இதில் ஃபத்வா சொல்ல நாங்கள் ஆலிம்கள் இல்லை. கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஓடுகிற பொருளாக இருந்தால் வயரையும் பிளக்கையும் சரிசெய்து கொடுங்கள். ஓடாத பொருளை ஓடாத பொருள் என்று சொல்லியே கொடுங்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறோம்.

மீதியெல்லாம் எடைக்குப் போகிறது. பழைய சாமான் வாங்குகிறவர் கைவண்டியில் ஏற்றிப் போவதோடு நம் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த டிவியின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அவருக்கு அதில் காசு தருவது பிக்சர் டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியும், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டும்தான். கம்பிக்காகக் கழுத்தை உடைப்பார்கள். மேலே பிளாஸ்டிக் உறை உள்ள வயர்களைக் குவித்து நெருப்பு வைப்பார்கள். உறை எரிந்து செம்பு மிஞ்சும். அந்தக் கறுப்புப் புகையில் டயாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் உண்டு. கண்ணாடியை யாரும் வாங்குவதில்லை. அது ஓடைக்கரையிலோ காலி மனையிலோ கொட்டப்படும்.

அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை. டியூபின் பின்பக்கம் புனல் போல இருக்கும் பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடு கலந்திருக்கிறது. டிவிக்குள் உண்டாகும் எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுக்கவே அதைச் சேர்த்தார்கள். வீட்டில் முழுதாக இருக்கும்வரை அதனால் நமக்குத் தீங்கில்லை. உடைத்து மண்ணில் போட்டு, மழையும் குப்பையின் புளிப்பு நீரும் பட்டால், ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நம் செங்கத்துக்குச் செய்யாறு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, குப்பநத்தம் அணையைத் தாண்டி வருகிறது. கரையோரத்துக் கிணறும் போரும் அந்த ஈரத்தை நம்பித்தான் இருக்கின்றன. மலையிலிருந்து சுத்தமாக வரும் தண்ணீரில் ஊருக்குள் நாம் எதைக் கலக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளை அதிகம் தாக்கும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தை, பெரியவர் உடம்பைப் போல நான்கு ஐந்து மடங்கு குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. படிப்பில் மந்தம், இரத்தசோகை, முன்கோபம் என்று மெதுவாகத் தெரியும். பெற்றோர் வேறு எதையாவது காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தாயின் எலும்பில் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் வெளிப்பட்டு வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

செனகல் நாட்டில் டாக்கர் நகரத்தின் ஓரத்தில் தியரோய் சுர் மேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம்மைப் போல ஏழை எளிய முஸ்லிம் குடும்பங்கள் வாழும் பகுதி. அங்கே பல வருடங்களாகப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். ஒரு கட்டத்தில், அந்த இடத்து மண்ணிலேயே ஈயத் துகள் கிடக்கிறது, சலித்து எடுத்தால் காசு என்று தெரிந்தது. பெண்கள் மண்ணை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் முற்றத்தில் சலித்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் விளையாடின. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரைக்குள் 18 குழந்தைகள் இறந்துபோயின. ஆரம்பத்தில் காரணம் யாருக்கும் புரியவில்லை. பிறகுதான் உயிரோடு இருந்த பிள்ளைகள், தாய்மார்கள் இரத்தத்திலும் ஈயம் ஏராளமாக இருப்பது தெரிந்தது. அந்தத் தாய்மார்கள் தவறு ஏதும் செய்யவில்லை. நாலு காசு சம்பாதிக்கப் பார்த்தார்கள்.

நம் நாட்டிலும் இந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். டெல்லியில் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன மொராதாபாத்தில், அந்தத் தொழில் நலிந்தபோது பல குடும்பங்கள் சர்க்யூட் போர்டு எரிக்கும் வேலைக்கு இறங்கின. அதில் நம் சமுதாயத்தவர் ஏராளம். ராம்கங்கா ஆற்றங்கரை முழுக்கச் சாம்பல். அங்கே மின்கழிவு கொட்டினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட வேண்டி வந்தது.

இதைப் படித்துவிட்டுக் காயலான் கடை பாயிடம் யாரும் சண்டைக்குப் போய்விட வேண்டாம். அந்தப் பெயரே காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பழைய பொருளுக்கு மறுபடி உயிர் கொடுக்கும் கௌரவமான தொழில் அது. இரும்பு, பாத்திரம், பேப்பர், கிரைண்டர் கல் எல்லாம் தாராளமாக அவரிடம் போகட்டும். பிக்சர் டியூப், போர்டு, செல் பேட்டரி, டியூப் லைட் இந்த நான்கை மட்டும் அவரிடம் தள்ளிவிடாதீர்கள். அவருடைய பிள்ளையும் அந்தக் கடையில்தான் விளையாடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மின்கழிவுக்கான விதிகள் முதலில் 2011-ல் வந்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2022-ன் விதிகள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. 106 வகைப் பொருட்கள் அதில் அடங்கும். தயாரித்து விற்ற கம்பெனிதான், பழசானதை முறைப்படி மறுசுழற்சி செய்யவும் பொறுப்பு. ஏட்டில் நன்றாக இருக்கிறது. பெருநகரத்தில் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் வந்து எடுத்துப்போகிறார்கள். நம் ஊர் போன்ற இடத்துக்கு ஒரு மிக்ஸிக்காக வண்டி வராது. எனவே புதிதாக ஃபிரிட்ஜோ டிவியோ வாங்கும் நேரம்தான் நமக்குப் பேசும் பலம் உள்ள நேரம். பழையதை எடுத்துக்கொள்கிறீர்களா, எங்கே அனுப்புகிறீர்கள் என்று கடையில் கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் இது ஏற்கெனவே நடக்கிறது. பழையதைக் கொடுத்தால் விலை குறையும் என்பதால் யாரும் குப்பையில் போடுவதில்லை.

செல்போனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விற்கும் முன் சிம், மெமரி கார்டு எடுத்து, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. திரை உடைந்து ஒன்றும் தெரியாத போனிலும் அவை அப்படியே இருக்கும். அதை நூறு ரூபாய்க்கு முன்பின் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ மடக்கவோ கூடாது, சார்ஜிலும் போடக் கூடாது, தீப்பிடிக்கும்.

டியூப் லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் சிறிதளவு உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, கால் மணி நேரம் கழித்து அட்டையால் வழித்து, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். துடைப்பம் வேண்டாம்; தூளைப் பரப்பிவிடும். பல்பு, பேட்டரி போன்றவற்றை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு விதிகளே கூறின. துப்புரவு செய்யும் அம்மாவின் கையில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறாமல் இருக்கவாவது தனியாகக் கட்டிக் கொடுங்கள்.

மேலே சொன்ன வேறு வழி இதுதான். அறக்கட்டளை அலுவலகத்தின் பின் தாழ்வாரத்தில், மழை படாத இடத்தில், ஓடாத பொருட்களுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கொண்டுவரலாம். ஒரு வண்டி அளவு சேர்ந்ததும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்பி, ரசீது வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பணம் ஏதும் வந்தால் அது மருத்துவ உதவி நிதிக்கு. பெரிதாக வராது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறோம்.

டிவியைக் கழற்றாமல், உடைக்காமல் முழுதாகக் கொண்டுவாருங்கள். பிக்சர் டியூபுக்குள் காற்று இல்லை. தட்டினால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும். திரைப்பக்கம் உங்கள் நெஞ்சோடு இருக்குமாறு இரண்டு பேராகத் தூக்குங்கள். ரிமோட்டில் உள்ள செல்லைக் கழற்றித் தனிக் கவரில் போடுங்கள்.