தரைக்கீழ்த் தளம்: வர்ணம் பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை



நம் அறக்கட்டளைக் கட்டடத்தின் தரைக்கீழ்த் தளத்தைச் சீரமைத்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரவு வாசிப்பறை ஆக்க வேண்டும் என்று பலரும் கேட்டு வருகிறீர்கள். ஏசியும் ஃபால்ஸ் சீலிங்கும் தம் செலவில் செய்து தருவதாக ஒரு சகோதரர் முன்வந்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக. ஆனாலும் அந்த வேலையை நாங்கள் தொடங்கவில்லை. காரணத்தைச் சொல்வது எங்கள் கடமை. கடையிலோ வீட்டிலோ இப்படி ஒரு தளம் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊர்க் கொத்தனார்கள் 'பேஸ்மென்ட்' என்றால் அஸ்திவாரத்துக்கு மேலே, தரைமட்டம் வரை எழுப்பும் கட்டுமானத்தைச் சொல்வார்கள். நாம் இங்கே பேசுவது தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையை. மேஸ்திரியிடம் பேசும்போது 'அண்டர்கிரவுண்ட்' என்று சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

நாங்கள் செய்த தவறு

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே தளத்தில் சுவரைச் சுரண்டி, புட்டி தேய்த்து, வர்ணம் பூசி, தரையில் கார்ப்பெட் விரித்தோம். அந்த ஐப்பசி மழையிலேயே சுவரில் உப்புப் பூத்தது. கார்த்திகையில் வர்ணம் கொப்பளித்து உதிர்ந்தது. கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே போட்டோம். வேலை செய்தவர் மீது குறை இல்லை, சொன்னதைத்தான் செய்தார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரிடமும் கேட்காமல் வேலை கொடுத்தது நாங்கள். அது நீங்கள் அமானிதமாகத் தந்த பணம். அதனால் இம்முறை ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்துவிட்டு, கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டினோம்.

தண்ணீர் வரும் வழிகள்

தரைக்கீழ் அறைக்கு ஈரம் ஐந்து வழிகளில் வரலாம்: தெருவிலிருந்தும் மாடியிலிருந்தும் வழியும் மழைநீர்; மண்ணுக்குள் உயரும் நிலத்தடி நீர்; செங்கலும் கான்கிரீட்டும் மண்ணிலிருந்து உறிஞ்சும் ஓதம்; உடைந்த குழாய், கழிவுநீர்த் தொட்டி இவற்றின் கசிவு; ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நோய் தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது.

கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுவரிலும் தரையிலும் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்த வியர்வை. மழை இல்லாத நாளிலும் ஒரே இடம் நனைந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் தளத்தில் மூன்று சுவர்கள் ஓரளவு காய்ந்தே இருந்தன. கிழக்குச் சுவர் மட்டும் நனைந்தது. அதன் வெளிப்புறம்தான் ஒளூச் செய்யும் இடம். கழிவுக் குழாயில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றினோம். மறுநாள் உள்ளே சுவரில் சாயம் தெரிந்தது. மாடியின் மழைநீர்க் குழாயும் அதே சுவர் ஓரத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை முறை வர்ணம் பூசியிருந்தாலும் நின்றிருக்காது.

வெளியே செய்ய வேண்டியவை

ஒரு கணக்குப் பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர் தண்ணீர் இறங்கும். ஒரு டேங்கர் லாரித் தண்ணீரைச் சுவர் ஓரத்தில் கொட்டுவதற்குச் சமம். ஆகவே முதல் வேலை அந்தக் குழாயைச் சுவரைவிட்டு விலக்கி, வடிகாலுக்கோ, சுவரிலிருந்து தள்ளியிருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கோ கொண்டுபோவது. சேகரிப்புக் குழியைத் தரைக்கீழ்ச் சுவரை ஒட்டித் தோண்டவே கூடாது.

அடுத்து, கட்டடத்தைச் சுற்றியுள்ள தரை வெளிப்பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும். தெருவில் புதுச் சாலை போடப்போடத் தெருமட்டம் உயர்ந்து, நம் வாசல் பள்ளமாகிவிடுகிறது. படிக்கட்டு தொடங்கும் இடத்தில், தெருவில் இதுவரை நின்ற அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேலே ஒரு மேடு கட்டி, அதைத் தாண்டித்தான் கீழே இறங்கும்படி செய்ய வேண்டும். அந்த மட்டம் எது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

நீர்க்காப்புப் பூச்சு சுவரின் வெளிப்பக்கம், அதாவது மண் பக்கம் இருப்பதே நல்லது. அங்கே தண்ணீரின் அழுத்தம் பூச்சைச் சுவரோடு சேர்த்து அமுக்கும். உள்பக்கப் பூச்சை அதே அழுத்தம் பெயர்த்துத் தள்ளும். தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 கிலோ அழுத்தம். சாதாரண வர்ணம் அதைத் தாங்காது.

உள்ளே செய்ய வேண்டியவை

வெளியே தோண்ட இடமில்லாத கட்டடங்கள்தான் நம் ஊரில் அதிகம். அப்போது உள்ளேதான் செய்தாக வேண்டும். உப்புப் பூத்த பூச்சு முழுவதையும் உடைத்தெடுத்து, விரிசல்களைக் குடைந்து, நீர்க்கசிவு அடைக்கும் கலவையை உள்ளே செலுத்தி, சுவரும் தரையும் சேரும் மூலையைச் சிமென்ட் கலவையால் வளைத்து மூடி, அதன் மேல் உள்பக்கத்துக்கென்றே தயாரிக்கப்படும் சிமென்ட் சார்ந்த நீர்க்காப்பைப் பூச வேண்டும். செங்கல் சுவர் உள்ளே பிதுங்கியிருந்தாலும், கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்திருந்தாலும், அது பூச்சு வேலை அல்ல. பொறியாளர் பார்க்காமல் கை வைக்காதீர்கள். உயரம் போதவில்லை என்று தரையை மேலும் தோண்டுவதும் அப்படித்தான். அஸ்திவாரத்தின் பிடிமானமே போய்விடும்.

எவ்வளவு செய்தாலும் ஒருநாள் தண்ணீர் வரலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். சுவர் ஓரமாக வாய்க்காலும், தாழ்ந்த மூலையில் ஒரு குழியும், அதில் தண்ணீர் ஏறினால் தானே ஓடும் மிதவை சுவிட்ச் உள்ள நீர்மூழ்கி மோட்டாரும் தேவை. வெளியேற்றிய தண்ணீர் திரும்பி வராமலிருக்கக் குழாயில் ஒருவழி வால்வு வேண்டும். கனமழையில்தான் கரண்ட் போகும். ஆகவே இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ ஓடும் இரண்டாவது மோட்டாரும் வேண்டும். மாதம் ஒருமுறை குழியில் தண்ணீர் ஊற்றி, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

மின்சாரம், காற்று, அடுப்பு

மெயின் போர்டு, இன்வெர்ட்டர், பேட்டரி, ஜெனரேட்டர் எதுவும் கீழே இருக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் கீழ்த்தளத்தில் இருந்த மின்கருவிகள் மூழ்கியதால் மேல்தளங்களும் இருண்டன. கீழ்த்தளத்துக்குத் தனி இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்சும் இருக்க வேண்டும்; அதை நிறுத்தும் இடம் மேலே இருக்க வேண்டும். பிளக் பாயின்ட்டுகளை இடுப்பு உயரத்துக்கு மேலே வையுங்கள். தண்ணீர் நிற்கும் அறையில் யாரும் இறங்குவதற்கு முன் மேலேயே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் போய்த் தங்கும். நோன்புக் கஞ்சி காய்ச்சக் கீழே வசதியாக இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். சிலிண்டரும் அடுப்பும் கீழே போகவே கூடாது.

காற்று வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேனும், புதுக்காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் ஒரு வழியும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. அடைமழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் கூடவே செய்யும்.

ஆள் வெளியேறும் வழி

2024 ஜூலை 27 அன்று மாலை, டெல்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் தரைக்கீழ் நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்தது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவ மாணவியர் மூவர் இறந்தார்கள். அந்தத் தளம் பொருள் வைப்பதற்கும் வாகனம் நிறுத்துவதற்கும்தான் அனுமதி பெற்றிருந்தது என்று பின்னர் தெரிந்தது. நாங்கள் வேலையை நிறுத்தி யோசித்ததற்கு இதுவே முதல் காரணம். நாம் கட்ட நினைத்ததும் அதே போன்ற வாசிப்பறைதான். உட்காரப் போவதும் அதே வயதுப் பிள்ளைகள்தான்.

மூன்றடி அகலக் கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் இரண்டடி உயரம் தண்ணீர் நின்றால், கதவின் மேல் விழும் அழுத்தம் சுமார் 170 கிலோ எடைக்குச் சமம். உள்ளிருந்து ஒரு பிள்ளை தள்ளித் திறக்க முடியாது. படிக்கட்டு வழியாகவே தண்ணீரும் இறங்கும்போது, ஏறும் வழியும் அடைபடுகிறது.

ஆகவே மனிதர்கள் உட்காரும் தளத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படிக்கட்டுகள் வேண்டும். கதவு படியின் அடியில் இல்லாமல் மேல்முனையில், வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டும், மின்சாரத்தில் இயங்கும் பூட்டும் கூடாது. கரண்ட் போனாலும் எரியும் அவசர விளக்கு படியில் இருக்க வேண்டும். அனுமதி வரைபடத்தில் அந்தத் தளம் எதற்கென்று எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதானால் முறையாக அனுமதி பெறாமல் ஒரு நாற்காலி கூடப் போடாதீர்கள்.

கடைசியில்தான் அலங்காரம்

ஒரு மழைக்காலம் தளம் காய்ந்தே நின்றது என்று உறுதியான பிறகு பூச்சு வேலைக்கு வரலாம். ஜிப்சம் பலகை, பிளைவுட், கார்ப்பெட் மூன்றும் ஈரத்தைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும், தவிர்த்துவிடுங்கள். சிமென்ட் பூச்சு, வழுக்காத டைல்ஸ், கடப்பாக் கல் அலமாரி, அலுமினிய நிலை இவை நனைந்தாலும் துடைத்தால் போதும். புதுப் பூச்சு நன்றாக உலர நான்கு வாரமாவது விட்டு வர்ணம் பூசுங்கள். பெட்டிகளையும் அலமாரிகளையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள். கூரையை முழுவதும் மூடிவிட்டால் மேலே குழாய் கசிவது தெரியாமல் போகும்.

செலவின் வரிசையும் இதுவே: முதலில் கசியும் குழாயும் வெளி வடிகாலும், பிறகு சுவர், பிறகு மோட்டாரும் மின்சாரமும், கடைசியாக வர்ணம். வெளிவேலைகளை மாசி முதல் வைகாசிக்குள் முடித்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் சோதித்து, தை பிறந்த பின் உள் அலங்காரம் செய்வது நம் பக்கத்துக்குப் பொருத்தமான காலக்கணக்கு. அவசரப்பட்டு ஓராண்டை மிச்சப்படுத்தினால் பணத்தை இருமுறை செலவழிக்க வேண்டிவரும். நாங்கள் செலவழித்தோம்.

எங்கள் முடிவு

எங்கள் கட்டடத்தில் கீழே இறங்க ஒரே படிக்கட்டுதான் இருக்கிறது. இரண்டாவது படி கட்ட மனையில் இடமில்லை என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அதனால் அந்தத் தளம் எவ்வளவு உலர்ந்தாலும் அதில் பிள்ளைகளை இரவில் உட்கார வைப்பதில்லை என்று நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவு செய்தது. மாடி அறையை அடைத்துக்கொண்டிருக்கும் நிக்காஹ் பாத்திரங்கள், பந்தல் சாமான்கள், நாற்காலிகள் எல்லாம் கீழே போகும். காலியாகும் மாடி அறை வாசிப்பறை ஆகும். கழிவுக் குழாயும் மழைநீர்க் குழாயும் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டன. கிழக்குச் சுவர் வரும் மழையைத் தாண்டட்டும். பிறகு மற்ற வேலைகள், இன்ஷா அல்லாஹ்.

ஏசி தர முன்வந்த சகோதரரிடம் இதைச் சொன்னோம். "பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்களோ அங்கே மாட்டுங்கள் பாய்" என்றார். மாடி அறைக்கு அளவெடுத்தாகிவிட்டது. பாத்திரங்களைக் கீழே இறக்கும் நாளை அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். கை கொடுக்கக் கூடிய இளைஞர்கள் அன்று அஸருக்குப் பின் வந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறோம்.