அந்நியராய் வந்து அயலாராய்த் தங்கினவர்கள்

(குடும்பப் படிப்பினை)



பல்லாவரத்தில் ரயில் ஏறிப் பட்டணம் போகிறவர்கள் நாலாவது ஸ்டேஷனாகப் பரங்கிமலையைக் காண்கிறார்கள். பறங்கியர் குடியிருந்த மலை என்பது அதன் பொருள். அர்ச். தோமையாரின் ஞாபகம் விளங்கும் மலைக்கு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் ‘பறங்கி’ மரியாதைச் சொல்லாயிருக்கவில்லை. நம்முடைய ஆசாரமும் பாஷையும் அறியாதவன் என்ற இகழ்ச்சி அதில் இருந்தது.

இந்நாளிலும் சம்பளமில்லாமல் ஊழியம் செய்ய அந்நிய தேசத்து வாலிபரும் பெண்களும் நம் நாட்டுக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகளும் பிற தேசங்களுக்குப் போகிறார்கள். வேற்றூரில் வேரூன்றுவது எப்படி? இதைக் குறித்து இவ்வாரம் சிந்திப்போம்.

1. முதலில் மாணாக்கராக வேண்டும்

இத்தாலி தேசத்தவரான ராபர்ட் தெ நொபிலி சுவாமியார் 1606-ல் மதுரைக்கு வந்தார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். மாமிசத்தை விலக்கினார், காவி உடுத்தினார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். சொந்தச் சபையாரிடையிலேயே அவர்மேல் குற்றச்சாட்டு எழும்பியது. விசாரணைக்குப் பின் 1623-ல் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பானவர் அவருடைய முறைக்கு அனுமதி அளித்தார். சாதி வழக்கங்களுக்கு அவர் இடங்கொடுத்ததைக் குறை சொல்லுவோர் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் போதிக்க வந்தவர் முதலில் படிக்க உட்கார்ந்தார் என்பது நமக்குப் பாடம். 1656-ல் அவர் மயிலாப்பூரிலே மரித்தார்.

நம் ஆண்டவரும் நாசரேத்தூரில் முப்பது வருஷம் தச்சன் வீட்டில் சும்மா வாழ்ந்த பிறகே பகிரங்க ஊழியத்தைத் தொடங்கினார். வந்த மறுவாரமே ஊரைத் திருத்தப் புறப்படுகிறவர் இதைத் தியானிக்கட்டும்.

2. நோயாளி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்

நமக்கு அருகிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. ஜி.எஸ்.டி. ரோடு வழியே தெற்கே போனால் வரும் மதுராந்தகம் வட்டாரத்தில் பொலம்பாக்கம் என்ற கிராமம் இருக்கிறது. பெல்ஜியம் தேசத்து வைத்தியரான பிரான்ஸ் ஹெமரிக்ஸ் ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் வெகுகாலம் தொழுநோயாளருக்கு ஊழியம் செய்தபின், 1955-ல் அங்கே ஒரு தொழுநோய் நிலையம் தொடங்கினார். அக்காலத்தில் நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதே வழக்கம். அவரோ நோயாளிகளை மதிலுக்குள் அடைக்கவில்லை. குறித்த நாளில் வண்டியில் மருந்தோடு போய், சாலையோர மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். நோயாளி தன் குடும்பத்தையும் வேலையையும் விடாமல் டாப்சோன் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். கட்டடம் இல்லை, மரநிழல் இருந்தது. அதுவே போதுமாயிருந்தது.

3. நிலைத்திருக்க வேண்டும்

அவரோடு ஊழியம் செய்த கிளேர் வெல்லூ அம்மையார் கன்னியாஸ்திரீ அல்லர். பொதுநிலை ஊழியராய் வந்த வைத்தியர். ஹெமரிக்ஸ் போனபின்பும் அவர் நம் நாட்டிலேயே தங்கினார், இந்தியப் பிரஜையுமானார். 1981-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2013-ல் காலமானார்.

எல்லாரும் ஆயுள் முழுதும் தங்க முடியாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு வருகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். அநாதை விடுதிப் பிள்ளை ஒன்று அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். அவர் ஊருக்குப் போய்விடுவார். அடுத்தவர் வருவார், அவரும் போவார். அந்தப் பிள்ளையின் மனம் என்னவாகும்? கொஞ்ச நாள் தங்குகிறவர் பிள்ளைகளின் பாசத்தைத் தேடாமல், விடுதியை நடத்துகிறவர்களுக்குக் கை கொடுப்பதே மேலான பிறர்சிநேகம்.

4. நம்முடைய கடமை

புதிதாய் வந்தவருக்கு முதல் மாதம் கடினமானது. சித்திரை வெயில் தாங்காது, காரம் ஒத்துக்கொள்ளாது, பேச்சு விளங்காது. “சாப்பிட்டாச்சா? கலியாணம் ஆச்சா? சம்பளம் எவ்வளவு?” என்று நாம் அன்பாய்க் கேட்பது அவருக்குத் துருவிக் கேட்பதாய்த் தோன்றும். ஆகையால்:

- துரை என்று தூரத்தில் உட்கார்த்தாமல், நம் பந்தியில் இலை போடுங்கள்.
- காய்ச்சி ஆறின தண்ணீர் கொடுங்கள்.
- தினம் ஐந்து தமிழ்ச் சொல் கற்றுக்கொடுங்கள்; தப்பாய்ப் பேசினால் சிரிக்காதேயுங்கள்.
- பண உதவி கேட்காதேயுங்கள். கேட்ட அன்றே சிநேகம் வியாபாரமாகிவிடும்.
- அந்நிய தேசத்தாரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது சட்டம், மறவாதீர்கள்.

திருக்குடும்பமும் ஏரோதுக்குத் தப்பி எஜிப்து தேசத்தில் அந்நியராய்த் தங்கியதே! அங்கே தேவமாதாவுக்கு யாரோ ஒரு அண்டைவீட்டுக்காரி கிணற்றைக் காட்டியிருப்பாள், நெருப்புக் கொடுத்திருப்பாள். அவள் பெயர் நமக்குத் தெரியாது. அந்த வேலைதான் இன்று நமக்கு வந்திருக்கிறது.

வீட்டில் பேச:
1. நம் தெருவில் புதிதாய் வந்திருப்பவர் யார்? அவர் வீட்டுக்கு நாம் போனதுண்டா?
2. வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளையை அங்கே எப்படி நடத்த வேண்டுமென்று விரும்புகிறோம்?

தீர்மானம்: இந்த ஞாயிறு பூசைக்குப் பின், முகம் தெரியாத ஒருவரோடு பேசிவிட்டே வீடு திரும்புவோம்.