ஆடுகிற கயாக் ஆபத்தானதா?

கேள்வி: முட்டுக்காடு உப்பங்கழியில் அகலமான கயாக்கில் பயமில்லாமல் துடுப்புப் போடுவேன். அண்மையில் நண்பரின் குறுகலான கடல் கயாக்கில் ஏறினேன். உட்கார்ந்ததுமே ஒரே ஆட்டம்! ‘கடலுக்கு இதுதான் பாதுகாப்பு’ என்கிறார் அவர். அகலமான படகுதானே கவிழாது?
- வாசகி, சென்னை

பதில்: அசையாத தண்ணீரில் நீங்கள் சொல்வதே சரி. 75 செ.மீ. அகலமும் தட்டையான அடியும் கொண்ட கயாக் லேசாகச் சாய்ந்தாலே, சாய்ந்த பக்கம் நிறைய அமிழும். நீரின் மேல்நோக்கிய உந்துதல் அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்திவிடும். இது முதல்நிலை உறுதி. 55 செ.மீ. அகலமுள்ள உருண்டை அடிக் கயாக்கில் இந்த நகர்வு குறைவு, அதனால்தான் ஆட்டம். ஆனால், அது மேலும் சாயும்போது விரிந்த பக்கச் சுவர்கள் தண்ணீரைத் தொட்டுத் தாங்கத் தொடங்கும். இது இரண்டாம்நிலை உறுதி. கடைக்காரர்கள் ‘ஆடவே ஆடாது சார்’ என்று விற்பது முதலாவதை மட்டும்தான்.

சிக்கல் அலையில் வருகிறது. அகலமான படகு ஒட்டிக்கொள்வது நீர்ப்பரப்போடு. பக்கவாட்டில் அலை வந்து நீர்ப்பரப்பு சரிந்தால் படகும் சரியும்; அதோடு நீங்களும். குறுகிய படகிலோ இடுப்பைத் தளர்த்திப் படகைச் சாயவிட்டு, உடலை நிமிர்த்தியே வைத்திருக்க முடியும். உறையும் கடலில் சீல் வேட்டையாடிய கிரீன்லாந்து இனுயிட் மக்களின் கயாக்குகள் ஏறத்தாழ 50 செ.மீ. அகலம்தான். ஆனால், கவிழ்ந்தால் துடுப்பாலேயே புரண்டு நிமிரும் வித்தையும் அவர்கள் கையில் இருந்தது. உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டது இதைத்தான். பயிற்சி இல்லாதவருக்குக் குறுகிய கயாக் பாதுகாப்பே அல்ல.

இன்னொன்று, இருக்கையின் உயரம். 25 கிலோ கயாக்கில் 65 கிலோ ஆள் உட்கார்ந்தால், மொத்த எடையில் பெரும்பங்கு ஆளுடையது. சொகுசுக்காகத் தடித்த மெத்தையைப் போட்டால் அந்த எடை முழுவதும் மேலே ஏறி, நல்ல படகும் தள்ளாடும். தண்ணீர்க் கேன், பை எல்லாம் அடியிலேயே, நடுவாக இருக்கட்டும்.

இடுப்பளவு நீரில் படகை வேண்டுமென்றே இருபக்கமும் சாய்த்துப் பழகுங்கள். முழங்கால்கள் மேல்தளத்தின் உட்புறத்தை அழுத்தட்டும். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். படகின் மூக்கையே பார்த்தால் உடல் விறைத்துவிடும். பயத்தில் விளிம்பைப் பிடிக்காதீர்கள். துடுப்பு நீரில் இருப்பதே பெரிய ஆதரவு.

உப்பங்கழிக்கும் தூண்டில் போடவும் உங்கள் அகலக் கயாக்கே போதும். கடலுக்குப் போவதானால், கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியேறப் பயிற்சியாளரிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். எதில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.