கணிப்பொறியும் காட்சிப் பெட்டியும்



கணிப்பொறியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஒரு கம்பியால் இணைப்பது பெரிய காரியமா? "ஒரு முனையை இங்கே செருகு, மறு முனையை அங்கே செருகு, முடிந்தது வேலை" என்று யாரும் சொல்லிவிடலாம். சென்ற ஆண்டு மழைக்காலம் வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த எண்ணம் பொய்யாயிற்று. அன்று பட்ட வெட்கமும், அதன்பின் கற்ற பாடமும் நம்மவர்க்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் விடுதிப் பொது அறையில் 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று இருப்பதை அறிவீர்கள். ஆய்வுக்கூடத்தில் வேண்டாம் என்று கழித்த பழைய கணிப்பொறி ஒன்றைச் சீர்செய்து வைத்திருந்தேன். அவ்வாண்டு புதிதாக வந்த தம்பியர் பன்னிருவர். வங்கமொழியில் 'ஜல்' என்ற சொல்லைத் தாண்டி ஒன்றும் அறியார். "கொல்கத்தாவுக்கு வந்து படிப்பவர்கள் 'பதேர் பாஞ்சாலி'யைப் பார்க்காமல் ஊர் திரும்பலாமா?" என்று என் வங்க நண்பர் கேட்டார். சத்யஜித் ராய் எடுத்து 1955-இல் வெளிவந்த அப்படத்தின் நல்ல படி ஒன்றை அவர் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். அதில் ஆங்கில சப்டைட்டில் இருந்தது. தம்பியர்க்கு அதுவே துணை.

மாலை ஆறு மணிக்கு எல்லாரும் கூடினோம். நாம் 'தாது' என்று அழைக்கும் விடுதிக் காவலரும் வந்து பின்வரிசையில் அமர்ந்தார். சிறு வயதில் தம் தகப்பனாரோடு அரங்கில் பார்த்த படமாம்.

படம் வந்தது; ஒலி வரவில்லை. அதைத் தேடுவதில் கால் மணி போயிற்று. பிறகு பார்த்தால் படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள். அதைக் குறை என்று கருதி, ரிமோட்டில் 'ஜூம்' என்பதை அழுத்தினேன். திரை நிரம்பியது. ஆனால் மாந்தர்களின் தலை போயிற்று. சப்டைட்டிலும் அடியோடு போயிற்று. பதறிப் பழைய நிலைக்குத் திருப்பினேன். அப்போதும் சப்டைட்டிலின் இரண்டாம் வரி பாதிதான் தெரிந்தது. இரவுக் காட்சிகளில் விளக்கொளி தவிர மற்றவை கரியை அப்பியது போல் இருந்தன.

"அண்ணா, நாளைக்குத் தேர்வு இருக்கிறது" என்று ஒரு தம்பி மெல்ல எழுந்தான். அவனைத் தொடர்ந்து மற்றவர்களும் எழுந்தனர். முடிவில் என் நண்பரும் தாதுவும் நானும்தான் மிஞ்சினோம். தாது புறப்படும்போது, "படம் முழுதாக வரவில்லையே, பாபா" என்றார். குற்றம் சொல்லும் குரல் அன்று அது. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

'முழுதாக' என்ற சொல் ஏன் அவ்வளவு உறுத்திற்று? அந்தப் படத்தின் கதையை நண்பர் அன்று சொன்னார். 1993-இல் லண்டனில் ஒரு படக்கூடத்தில் தீப்பற்றியது. 'பதேர் பாஞ்சாலி'யையும் அதன் தொடர்ச்சியான இரு படங்களையும் சேர்ந்த மூல நெகட்டிவ்கள் அத்தீயில் சிக்கிக் கருகின. கருகியவற்றையும் வீசி எறியாமல் அமெரிக்காவின் அகாடமி திரைப்பட ஆவணகம் காத்து வைத்தது. பல்லாண்டுகளுக்குப் பின் இத்தாலி நாட்டுப் பொலோனியா நகரில் அவற்றைச் சீர்செய்யும் பணி நடந்தது. உலர்ந்து சுருங்கிய சுருள்களுக்கு ஈரம் ஊட்டி நெகிழச் செய்தனர். சிதைந்த விளிம்புகளையும் ஓரத் துளைகளையும் கையால் செப்பனிட்டனர். மீட்க முடியாத பகுதிகளைப் பிற நகல்களிலிருந்து எடுத்துச் சேர்த்தனர். 2015-இல் புதுப் படி நியூயார்க்கில் திரையேறியது.

யாரோ முகம் அறியாதவர்கள் விளிம்பு விளிம்பாகக் காத்துக் கொடுத்த படம்! அதன் விளிம்பை ஒரு பொத்தானை அழுத்தி நான் வெட்டி எறிந்தேன். இனி, செய்த பிழைகளையும் திருத்திய முறையையும் வரிசையாகக் காண்போம்.

முதலில் மின்சாரம். கணிப்பொறியின் இரும்புக் கூட்டைத் தொட்டால் சில வேளை விரல் சுருசுருக்கும். எர்த் இல்லாத இணைப்பே அதற்குக் காரணம். மூன்று முளைச் செருகியின் பெரிய முளையை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகுவது நம் விடுதிகளில் காணும் தீய வழக்கம். அதைச் செய்யாதீர்கள். எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து இரண்டு கருவிகளுக்கும் மின்சாரம் கொடுங்கள். இரண்டையும் அணைத்துவிட்டே கம்பியைச் செருகுங்கள்.

அடுத்தது கம்பி. பழைய நீலச் செருகியான வி.ஜி.ஏ. படத்தை மட்டுமே கொண்டு செல்லும். ஒலியைக் கொண்டு செல்லாது. 2002-இல் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. கம்பி இரண்டையும் சேர்த்தே கொண்டு செல்லும். நான் மெட்ரோ ஏறிச் சாந்தினி சௌக் சென்றேன். கடைக்காரர் மூன்று கம்பிகளை எடுத்து வைத்து, "தாதா, இது தங்கம் பூசியது. படம் பளபளக்கும்" என்றார். அந்தப் பேச்சுக்கு மயங்க வேண்டா. இக்கம்பியில் ஓடுவன எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் மலிவான கம்பியிலும் அதே படம்தான். சேராவிட்டால் திரையில் பொறி பறக்கும்; அல்லது படம் விட்டு விட்டு வரும். இரண்டு மீட்டர் தொலைவுக்கு எளிய நல்ல கம்பி போதும். 4கே பெட்டிக்கு நொடிக்கு 60 முறை படம் அனுப்புவதானால் மட்டும் அதற்குரிய வேகம் தாங்கும் கம்பியா என்று கேட்டு வாங்குக. கணிப்பொறியில் தனிக் கிராபிக்ஸ் அட்டை இருந்தால் அந்த அட்டையின் துளையிலேயே கம்பியைச் செருக வேண்டும்.

மூன்றாவது, இரண்டு கருவிகளும் பேசிக்கொள்ளும் பேச்சு. எச்.டி.எம்.ஐ. செருகியில் 19 முனைகள் உண்டு. அவற்றில் சில படத்தைச் சுமப்பவை அல்ல. "என் திரையில் இத்தனை புள்ளிகள், நொடிக்கு இத்தனை முறை ஏற்பேன், இன்னின்ன ஒலி ஏற்பேன்" என்று தொலைக்காட்சி தன்னைப் பற்றிக் கணிப்பொறிக்குச் சொல்லும் வழி அது. விருந்தினர் வயிறு அறிந்து பரிமாறுவது போல, அதைக் கேட்டே கணிப்பொறி படத்தை அனுப்புகிறது. நம் பெட்டியில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள், மொத்தம் 20,73,600. கணிப்பொறியிலும் இதே அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒலிக்கும் இப்படியே. ஒலி அமைப்பில் பழைய ஒலிபெருக்கியை விடுத்துத் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தால் ஒலி வந்துவிடும். கால் மணி நேரம் நான் தேடியது இந்த ஒரு சொடுக்கைத்தான்!

நான்காவதே தலையாய பிழை: விளிம்பு வெட்டு. இதை ஓவர்ஸ்கேன் என்பர். இதன் வேர் பழங்காலத்தில் இருக்கிறது. கொல்கத்தாவில் 1975 ஆகஸ்டு 9-ஆம் நாளும், சென்னையில் அதே மாதம் 15-ஆம் நாளும் தொலைக்காட்சி தொடங்கியது. அந்நாளில் வீடுகளில் இருந்தவை கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள். மின்னழுத்தம் குறைந்தாலும் குழாய் முதுமை அடைந்தாலும் படம் சுருங்கும், ஓரம் கோணும். ஆகவே படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தனர். தையற்காரர் ஓரத்தில் துணி விட்டு மடித்துத் தைப்பது போன்றது இது. தட்டைத் திரையில் படம் சுருங்குவதும் இல்லை, கோணுவதும் இல்லை. ஆயினும் பழைய வழக்கம் பல பெட்டிகளில் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. தேவை மறைந்தாலும் வழக்கம் மறைவதில்லை அன்றோ?

உயரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மறைந்தால் 1080 வரிகளில் 54 வரிகள் போய்விடும். நம் சப்டைட்டிலின் இரண்டாம் வரி மறைந்தது இதனால்தான். மற்றொரு தீங்கும் உண்டு. படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது; எழுத்துகள் மங்கும். மருந்து எளிது. தொலைக்காட்சியின் பட அளவுப் பட்டியலில் தேடுங்கள். ஒரு பெட்டியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றும், வேறொன்றில் 'ஸ்க்ரீன் ஃபிட்' என்றும், இன்னொன்றில் 'ஃபுல் பிக்ஸல்' என்றும் இருக்கும். பெயர் பல, பொருள் ஒன்று. சில பெட்டிகளில் அந்தச் செருகு துளைக்குப் 'பி.சி.' என்று பெயர் கொடுத்தாலே வெட்டு நின்றுவிடும். எதுவும் இல்லாத பெட்டியானால், கணிப்பொறியில் படத்தைச் சற்றுச் சுருக்கி அனுப்பலாம். அது இரண்டாந்தர வழியே.

ஐந்தாவது, படத்தின் வடிவம். ராயின் அப்படம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்னும் பழைய அளவில் எடுக்கப்பட்டது. நம் திரையோ பதினாறுக்கு ஒன்பது. ஆகையால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதே முறை. ஜூம் செய்து திரையை நிரப்பினால் உயரத்தில் ஏறத்தாழக் காற்பங்கு போய்விடும். பக்கவாட்டில் இழுத்து நிரப்பினால் மெலிந்த துர்க்கா கொழுத்த பெண் ஆகிவிடுவாள். பட்டை குறையன்று, இயக்குநர் வகுத்த எல்லை என்று அறிக.

ஆறாவது, கருமை. கணிப்பொறியில் கருமைக்கு எண் 0; வெண்மைக்கு 255. தொலைக்காட்சி மரபிலோ கருமை 16, வெண்மை 235. கணிப்பொறி தன் கணக்கில் அனுப்பத் தொலைக்காட்சி தன் கணக்கில் வாங்கினால், 16-க்குக் கீழுள்ள நிழல்கள் எல்லாம் ஒரே கரியாகும். மாறி நேர்ந்தால் கருமை சாம்பலாக வெளுக்கும். இரு பக்கமும் 'ஃபுல்' என்றோ, இரு பக்கமும் 'லிமிடெட்' என்றோ ஒரே கணக்கில் வைக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது உயிர்.

ஏழாவது, காலம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள். கணிப்பொறி வழக்கமாக அனுப்புவது 60. 24-ஐ 60-இல் பங்கிட்டால் மீதமின்றி வராது. ஒரு சட்டம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாகக் காட்டப்படும். கேமரா நகரும்போது படம் தயங்கித் தயங்கி நகரும். பெட்டி ஏற்குமாயின் 24 ஹெர்ட்ஸ் என்று வைக்க. நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையில் படத்தை நொடிக்கு 25 சட்டமாக விரைவுபடுத்தி ஓட்டுவது உண்டு. அப்படி ஓட்டினால் 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். பாத்திரங்களின் குரலும் சற்று உயரும்.

இவ்வளவையும் ஒரு வாரத்தில் கற்றேன். அடுத்த ஞாயிறு தம்பியரை ஒவ்வொரு அறையாகச் சென்று அழைத்தேன். "இந்த முறை எழுத்துத் தெரியுமா, அண்ணா?" என்று ஒருவன் சிரித்தான். ஒன்பது பேர் வந்தனர். நாணற்பூக் காட்டினூடே அக்காளும் தம்பியும் ஓடி இரயிலைக் காணும் காட்சியில் யாரும் பேசவில்லை. புயல் வீசும் இரவில், சென்ற வாரம் கரியாக இருந்திருக்கக் கூடிய இருளுக்குள், தாயின் முகமும் நடுங்கும் கதவும் தெளிவாகத் தெரிந்தன. படம் முடிந்த பின்னும் ஒன்பது பேரும் இருந்த இடத்திலேயே இருந்தனர். தாது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வாயிற்கதவைப் பூட்டினார்.

ஏழு அமைப்புகளையும் ஒரு தாளில் எழுதித் தொலைக்காட்சியின் பின்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். கிரிக்கெட் பார்ப்பதற்காக மாற்றுவோர் தாராளமாக மாற்றலாம். ஆட்டம் முடிந்ததும் அத்தாளைப் பார்த்துப் பழையபடி வைத்துவிட வேண்டுகிறேன். அடுத்து அங்கே அமர்ந்து படம் பார்ப்பவர், வங்கமொழி அறியாமல் நேற்று வந்திறங்கிய நம் தம்பியாக இருக்கலாம்.